பிரேக் போட்டுவிட்டுப் போன திருடன்

பொருள் காணாமல் போனால் புகார் கொடுப்பார்கள். இல்லாத பொருள் வந்து சேர்ந்துவிட்டது என்று புகார் கொடுக்க வந்த முதல் ஆள் மெத்தைக் கடைக்காரர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. துப்பறியும் அலுவலகம் ஒரு சலவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஞாயிறென்றும் பாராமல் கீழே இஸ்திரி ஓட, தரை இடுக்கு வழியாக மேலே ஆவி வந்துகொண்டிருந்தது. அந்த ஆவிக்கு நடுவே மெத்தைக் கடைக்காரர் முகத்தைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தொரு வயது, நல்ல ஆகிருதி.

"திருடன் என்னத்த எடுத்துட்டுப் போனான்?" என்று கேட்டாள் அண்ணி.

"ஒண்ணும் எடுக்கல மேடம். போட்டுட்டுப் போயிருக்கான்."

"எதை?"

"பிரேக்கை."

அண்ணி பென்சிலைக் கீழே வைத்தாள். பதினேழு வருடம் ஒரு பெரிய கடையின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருந்தவள் அவள். 'வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு' என்று சொன்ன முகங்களைப் பார்த்துப் பார்த்தே பொய்யை மோப்பம் பிடிக்கப் பழகியவள். வேலையை விட்டதும் இந்த அலுவலகத்தைத் திறந்தாள். உதவிக்கு வைத்துக்கொண்டது கணவனின் தம்பியை. முப்பத்துநாலு வயதுக்குள் எட்டு வேலைகளை வாயாலேயே தொலைத்தவன். அண்ணி ஒருத்திக்குத்தான் அவன் கொழுந்தன் என்றாலும் ஊரே அவனைக் கொழுந்தன் என்றுதான் கூப்பிட்டது.

"என் மலை சைக்கிள்ல பதினஞ்சு வருஷமா கம்பி பிரேக் மேடம். சின்ன டிஸ்க், டீ சாஸர் அளவுதான் இருக்கும். இன்னிக்குக் காலையில ஷெட்டைத் திறக்கிறேன், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ரெண்டு டிஸ்க் பளபளன்னு மின்னுது! முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. கம்பியைக் காணோம், ஆயில் பிரேக். பூட்டு பூட்டினபடி இருக்கு."

கொழுந்தனுக்கு வாய் துறுதுறுத்தது. "அண்ணி, இந்தத் திருடனோட அட்ரஸ் கிடைச்சா நம்ம வீட்டுச் சாவியை நானே அவனுக்குக் கொரியர்ல அனுப்பிடறேன். ரெண்டு மாசமா ஃபிரிட்ஜ் கூலிங் ஆகல."

"நீ சும்மா இரு."

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க சார். பேசாம ஓட்டிட்டுப் போங்க."

"தானமா? சதி தம்பி, சதி!" மெத்தைக் கடைக்காரர் மேசையைத் தட்டினார். "இன்னிக்குச் சாயங்காலம் நாலு மணிக்குக் கல்குவாரி மேட்டுல வியாபாரிகள் சங்கத்து இறக்கப் பந்தயம். நாலு வருஷமா நான்தான் முதல். ஏன் தெரியுமா? நான் பிரேக் பிடிக்க மாட்டேன். மத்தவன் எல்லாம் பிடிப்பான்."

போன வருடப் பந்தயத்தைக் கொழுந்தன் நேரில் பார்த்திருந்தான். எல்லைக்கோட்டை முதலில் தாண்டியது சைக்கிள், அடுத்தது மெத்தைக் கடைக்காரர், மூன்றாவது அவருடைய முன்பல். ஊரில் பாதிப் பேரைச் சுகமாகத் தூங்க வைத்த மனிதர், ஒரு தடவைகூட மெத்தையான இடத்தில் விழுந்ததில்லை.

"என் மச்சான் வேலைதான் இது. கடிகாரக் கடை வெச்சிருக்கான், பொடி வேலை எல்லாம் அத்துப்படி. நாலு வருஷமா ரெண்டாவது வரான். நல்ல பிரேக் இருந்தா என் கை சும்மா இருக்காது, பிடிச்சுடுவேன், தோத்துடுவேன். மூணரை மணிக்குள்ள ஆளு யாருன்னு சொல்லுங்க மேடம். இல்லாட்டி பரிசு கொடுக்கிறப்ப மைக்கைப் பிடுங்கி அவன் பேரைச் சொல்லிடுவேன்."

"நீங்க பிரேக்கே தொட மாட்டீங்களா?"

"கடைசி வளைவுல மட்டும் ஒரே ஒரு தடவை. இடது கை. இடது கை பின் சக்கரம், வலது கை முன் சக்கரம். இறக்கத்துல வலது கையைத் தொட்டா தலைகுப்புறதான்."

அண்ணி அதைக் குறித்துக்கொண்டாள். "புது பிரேக்கைப் பிடிச்சுப் பாத்தீங்களா?"

"தடயமாச்சே மேடம்! விரல்கூட வைக்கல."

"பிரேக்குல எக்குத்தப்பா ஏதாவது பண்ணியிருந்தா? யாரு போட்டாங்கன்னு தெரியற வரைக்கும் இதுல ஏறாதீங்க."

"ஏறாம? மச்சான் கப்பைத் தூக்கிட்டுப் போறதை வேடிக்கை பாக்கணுமா? உசுரே போனாலும் நாலு மணிக்கு நான் மேட்டு மேல இருப்பேன்."

அவர் அதை வீறாப்பாகச் சொன்னாரே தவிர, கைக்குட்டையை மடித்துப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்ததைக் கொழுந்தன் பார்த்தான். அந்த நேரத்தில் அவனுக்கு நக்கல் எதுவும் தோன்றவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மூவரும் ஷெட்டில் இருந்தார்கள். வீட்டுப் பின்பக்கம், தகரக் கூரை, ஓரமாக விற்காத மெத்தைகள். நடுவில் அந்த மலை சைக்கிள் கல்யாணத்துக்குக் கிளம்பினதைப் போல நின்றது. அண்ணி குனிந்து பார்த்தாள். டிஸ்க்கில் விரல் தடம் ஒன்றுகூட இல்லை. பிரேக் கட்டை உரசிய கோடும் இல்லை. புதுப் பாத்திரம் மாதிரி முகம் தெரிந்தது. மோந்து பார்த்தாள்.

"ஸ்பிரிட் வாசனை."

"திருடன் தண்ணி போட்டுட்டு வந்திருப்பான் அண்ணி. இல்லாட்டி இவ்வளவு தாராளம் வராது."

ஆயில் குழாய்கள் சைக்கிள் உடம்போடு வெள்ளை நூலால் கட்டப்பட்டிருந்தன. மிக மெல்லிய, மெழுகு பூசிய நூல். ஒவ்வொரு முடிச்சும் கடுகளவு. அண்ணி அதையும் மோந்தாள். "புதினா."

"சட்னி அரைச்சுக்கிட்டே வேலை பாத்திருக்கான்."

அலமாரியில் ஒரு அட்டைப் பெட்டி இருந்தது. திறந்தால் உள்ளே பழைய பிரேக். துருப்பிடித்த சின்ன டிஸ்க் இரண்டும் தனித்தனியாகப் பஞ்சில் சுற்றி, திருகாணிகள் சின்ன காகிதப் பொட்டலங்களில் மடித்து, மேலே அழகான கையெழுத்தில் தேதி போட்டிருந்தது. நேற்றைய தேதி. அண்ணி அந்தப் பஞ்சை இரண்டு விரலால் தூக்கி, ரொம்ப நேரம் பார்த்தாள்.

மெத்தைக் கடைக்காரரின் மனைவி வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் கை. "என் தம்பி மேல பழி போடறாராமே? அவன் பிறந்த நாளைக்கே எனக்கு ஒரு பரிசு கொடுக்க மாட்டான். இவருக்கு பிரேக் வாங்கிப் போடப் போறானாக்கும்!"

"நீங்க போட்டிருக்கலாமே?" என்றாள் அண்ணி.

"நானா? பிரேக் போடற அளவுக்குப் பொறுமை இருந்தா நான் ஏன் இப்படி இருக்கேன்? ஷெட்டுக்குள்ள நான் வந்தா சைக்கிளைத் தூக்கிக் கிணத்துல போட்டுட்டுதான் வெளிய வருவேன். நாலு வருஷமா ஒவ்வொரு பந்தயத்தன்னிக்கும் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"சாவி எங்க இருக்கும்?" என்று கேட்டாள் அண்ணி.

"பூந்தொட்டிக்குக் கீழ. எனக்கும் அவளுக்கும்தான் தெரியும். வேற யார்கிட்டயும் மூச்சு விட்டதில்ல மேடம், சத்தியமா."

இதற்குள் கொழுந்தன் சைக்கிளை ஆராய்ச்சி செய்யத் தொடங்கியிருந்தான். மெத்தைகளில் ஒன்றைக் குறிவைத்து வேகமாகத் தள்ளிக்கொண்டு ஓடி, இடது கை லீவரை ஒரு அழுத்து அழுத்தினான். சைக்கிள் ஆணி அடித்ததுபோல் நின்றது. பின் சக்கரம் வானத்தைப் பார்த்து எழும்பியது. நிற்காதது கொழுந்தன் மட்டும்தான். ஹேண்டில்பார் அவன் தாடையை வந்து சந்தித்தது.

"அம்மா!"

"என்னடா ஆச்சு?"

"பிரேக் நல்லா பிடிக்குது அண்ணி," என்றான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. "கடைவாய்ப் பல்லு ஆடுது."

இதுதான் அந்தக் கேஸின் முக்கியமான தடயம். அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டுதான் அடுத்த மூன்று மணி நேரம் அவன் ஊர் சுற்றினான்.

சைக்கிள் மெக்கானிக் கடையில் டயர்கள் தோரணமாகத் தொங்கின. மெக்கானிக், அண்ணி போனில் எடுத்து வந்த படத்தைப் பெரிதாக்கி, சிறிதாக்கிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"அருமையான வேலைங்க. பெரிய டிஸ்க் போட்டா அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரைத் தூக்கி வைக்கணும், அதுக்கு அடாப்டர் கரெக்டா போட்டிருக்கான். டிஸ்க்குல கையெண்ணெய் பட்டா கத்தும், அதான் ஸ்பிரிட்டு போட்டுத் துடைச்சிருக்கான். ஆயிலை ஊசியில ஏத்தி, காத்துக் குமிழை எடுக்கணும். அதுக்கு நிதானமான கை வேணும்."

"ஊசின்னா, டாக்டர் போடற ஊசியா?"

"அதேதான், முனை மட்டும் இருக்காது. என்கிட்டயும் இருக்கு பாருங்க." அவர் இழுப்பறையைத் திறந்து இரண்டு சிரிஞ்சுகளைக் காட்டினார்.

"அப்ப ஆளு மெக்கானிக்தான்," என்றான் கொழுந்தன் வலது கன்னத்தால்.

"மெக்கானிக் இல்லீங்க. டிஸ்க்குல கட்டை உரசின கோடே இல்லேன்னு சொல்றீங்க. பிரேக் மாத்திட்டு ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்காத மெக்கானிக் இந்தப் பூமியில பொறக்கல. ஒண்ணு, ஓட்டிப் பாக்க அவனுக்கு நேரமில்ல. இல்ல, அவனுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது."

வெளியே வந்ததும் அண்ணி நடைபாதையில் நின்றுவிட்டாள். "யாருக்கு லாபம்னு போலீஸ் கேக்கும் தம்பி. யாருக்கு நிம்மதின்னு நான் கேப்பேன். அந்த மனுஷன் விழாம இருந்தா யாருக்கு நிம்மதி?"

"அவர் பொண்டாட்டிக்கு. அப்புறம் அந்த மேட்டுக்கு."

"இன்னொரு ஆளும் இருக்கார். பிடுங்கினதைப் பஞ்சுல சுத்தி, தேதி போட்டு, சொந்தக்காரன்கிட்டயே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எந்தத் தொழில்ல இருக்கு? ஸ்பிரிட்டு, ஊசி, புதினா வாசனை நூலு. உன் கடைவாயைக் காட்ட நாம இப்ப எங்க போகணும்?"

கொழுந்தன் வாயைத் திறந்தான். ஆடும் பல் வழியாகக் காற்று போய் வலித்தது. மூடிக்கொண்டான்.

"காலையிலேயே நீதான் சொன்னே. மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதுன்னு. அங்கதான் பாக்கணும்."

பல் டாக்டர் ஞாயிற்றுக்கிழமை கிளினிக் திறப்பதில்லை. வருடத்தில் ஒரே ஒரு ஞாயிறு திறப்பார், அது பந்தய நாள். வேறு நோயாளி யாரும் இல்லை. ஐம்பதைத் தொடும் ஒல்லியான மனிதர், கழுத்தில் முகக்கவசம், வெள்ளைக் கோட்டில் ஒரு மடிப்பு கிடையாது. மேசையில் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் வெள்ளை நூல் சுருள், புதினா வாசனையோடு. சுவரில் சட்டம் போட்ட ஒரு பெரிய வண்ணப் படம் மாட்டியிருந்தது. குடும்பப் படமாக இருக்கும் என்று பார்த்தால் இரண்டு முன்பற்கள்.

"கடைவாய்ப் பல்லு கீறல் விட்டிருக்கு. மரத்துப்போக ஊசி போட்டுடறேன்," என்றார் டாக்டர். "வலிச்சா இடது கையைத் தூக்குங்க."

ஐந்து நிமிடத்தில் கொழுந்தனின் பாதி முகம் அவனுடையதாக இல்லை. நாக்கு யாரோ விட்டுவிட்டுப் போன செருப்பைப் போல வாயில் கிடந்தது. மேலே பஞ்சு, கீழே பஞ்சு. பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள். அவனுக்குப் பல் இருக்கும்போதே போய்விட்டது. அண்ணிக்கு அந்த நிசப்தம் பிடித்திருந்தது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. டாக்டர் பல்லைச் சுத்தம் செய்து அடைப்பதற்குள் சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை தாண்டிவிட்டது. வாய்க்குள் கருவி இருக்கும்போது டாக்டரைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று அதுவரை காத்திருந்துவிட்டு, அவள் கைப்பையிலிருந்து ஒரு பஞ்சுப் பொட்டலத்தை எடுத்து, பிரித்து, கருவித் தட்டில் வைத்தாள். துருப்பிடித்த டிஸ்க் டங்கென்று விழுந்தது.

"இந்தப் பல்லு யாருது டாக்டர்?"

டாக்டர் ஓடவில்லை, மறுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மேல் முன்பல் ரெண்டு. நாலு வருஷமா நாலு தடவை கட்டியிருக்கேன். போன தடவை கட்டினது என் வாழ்க்கையிலேயே சிறந்த வேலை. அதோ சுவத்துல இருக்கு. வெயில்ல ஒரு நிறம், நிழல்ல ஒரு நிறம். சிரிச்சா எது சொந்தம், எது கட்டினதுன்னு அவர் பொண்டாட்டிக்கே தெரியாது. அதைக் கொண்டுபோய் வருஷா வருஷம் குவாரியில ஒடைச்சுட்டு வரார். பிரேக்கை மாத்துங்கன்னு நாலு வருஷமா கெஞ்சறேன். சிரிக்கிறார் மேடம், நான் கட்டின பல்லால என்னைப் பாத்தே சிரிக்கிறார்!"

"சாவி?"

"அவரே சொன்னதுதான். வாயில ரெண்டு கண்ணாடி, நாலு பஞ்சு வெச்சிருக்கும்போது ஷெட்டைப் பத்தி, பூந்தொட்டியைப் பத்தி எல்லாம் சொல்லுவார். வாயைப் பொளந்துக்கிட்டுப் பேசறது யாருக்கும் புரியாதுன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. இருபத்திரண்டு வருஷமா எனக்கு அந்த பாஷை மட்டும்தானே காதுல விழுது."

அவர் குரல் தணிந்தது. "பல்லை விடுங்க. அடுத்த தடவை பல்லோட போகும்னு என்ன நிச்சயம்? நாலு வருஷமா இந்த நாற்காலியில உக்காந்து எனக்குக் கதை சொன்ன மனுஷன். பந்தயத்தன்னிக்கு போன் அடிச்சாலே எனக்குக் கை ஆடுது. கை ஆடினா என் பொழப்பு என்ன ஆறது? அதான் நேத்து மத்தியானம், அவங்க ரெண்டு பேரும் கடையில இருந்தப்ப போனேன்."

"ஓட்டிப் பாத்தீங்களா?"

"எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதே. ஆனா புத்தகத்தைப் பாத்து, முன்கூட்டியே படம் போட்டு, சிகிச்சைத் திட்டம் எழுதித்தான் செஞ்சேன். பாருங்க." பெருமையோடு ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

அண்ணிக்குக் காட்டியது கொழுந்தனுக்கும் தெரிந்தது. பல் வரைபடத் தாளின் பின்பக்கம். ஹேண்டில்பாரை மேலிருந்து பார்த்து வரைந்திருந்தார். கீழே சீட், மேலே முன் சக்கரம். ஹேண்டில்பாரின் இடது முனையில் அழகாக எழுதியிருந்தது: 'வலது. முன் பிரேக்.' வலது முனையில்: 'இடது. பின் பிரேக்.'

கொழுந்தன் தலையைத் திருப்பிச் சுவரில் இருந்த பல் வரைபடத்தைப் பார்த்தான். அதிலும் அப்படித்தான். தாளின் இடது ஓரத்தில் 'வலது' என்று அச்சடித்திருந்தது. எதிரே வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பவனின் வலது, டாக்டருக்கு இடது. பல்லுக்கு அது சரி. ஆனால் சைக்கிள் யாருக்கும் எதிரே உட்கார்ந்து வாயைத் திறப்பதில்லையே! இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் இந்த மனிதர் லீவரைக் கைமாற்றிப் போட்டிருக்கிறார்.

ஷெட்டில் அவன் அழுத்தியது இடது லீவர். எழும்பியது பின் சக்கரம். அப்படியென்றால் நின்றது முன் சக்கரம். கடைசி வளைவில் மெத்தைக் கடைக்காரர் தொடப்போவதும் அதே இடது லீவர்.

"ஆ! ஆவ்வ ஆ! ஊஊ ஏஏ!" என்றான் கொழுந்தன்.

"என்னடா? வலிக்குதா?"

"ஆவ்வ ஐ ஆஆ! அண்ஈ! ஆஅ ஐ!"

வாழ்நாள் முழுக்க வேண்டாத இடத்தில் எல்லாம் பேசியவன். ஒரு மனிதன் கழுத்து முறியாமல் இருக்க ஒரே ஒரு வாக்கியம் பேச வேண்டிய நேரத்தில் வாயில் நாலு பஞ்சும் ஒரு செருப்பும். அவனுக்கு அழுகையே வந்தது. அண்ணி விழித்தாள். ஆனால் டாக்டர் தலையைச் சாய்த்து, தொழில்முறைக் கவனத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல மேடம்," என்று மொழிபெயர்த்தார். "'கையை மாத்திப் போட்டுட்டீங்க'ங்கிறார். 'இடது கையில முன் பிரேக் இருக்கு, கடைசி வளைவுல அவர் இடதுதான் பிடிப்பாரு, தலைகுப்புற போயிடுவாரு'ங்கிறார்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே காதில் விழுந்தது. தாளைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். தன் இரண்டு கைகளையும் தூக்கி மாற்றி மாற்றிப் பார்த்தார். முகம் கோட்டைவிட வெளுத்துப் போனது.

"பிள்ளையார் பிடிக்கக் குரங்கா போச்சே!" என்றாள் அண்ணி. "மணி மூணே முக்கால். எழுந்திருங்க ரெண்டு பேரும்!"

மெத்தைக் கடைக்காரரின் போன் அணைந்திருந்தது. பந்தய நாளில் அவர் அதை மனைவியிடம் கொடுத்துவிடுவார். அவள் அதைக் கோபத்தில் ஒரு மெத்தைக்கு அடியில் வைத்துவிடுவாள். டாக்டரின் காரில் பறந்தார்கள். பறந்தார்கள் என்பது கொஞ்சம் அதிகம். "இடது பக்கம் திரும்புங்க!" என்று அண்ணி கத்த, டாக்டர் பதற்றத்தில் வலது பக்கம் திருப்பினார். ஒரு பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி வர வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அண்ணி எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்லத் தொடங்கினாள். கார் ஒழுங்காகப் போனது.

கல்குவாரி அடிவாரத்தில் கயிறு கட்டி, கயிற்றுக்குப் பின்னால் கூட்டம். கடைசி வளைவின் ஓரத்தில் பழைய டயர்கள் மலையாகக் குவிந்திருந்தன. ஒலிபெருக்கி அலறியது: "முதலில் வருபவர் நமது மெத்தைக் கடை உரிமையாளர்! அவருக்கு இருபதடி பின்னால் அவரது மைத்துனர்!"

மேட்டின் நடுவில் ஒரு புள்ளி. அது பெரிதாகிக்கொண்டே வந்தது.

"நிறுத்துங்க!" என்று அண்ணி கத்தினாள். நிறுத்தச் சொன்னால் பிரேக் பிடிப்பாரே என்று உறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். கொழுந்தன் "ஆ! ஊ!" என்று குதித்தான். உற்சாகப்படுத்துவதாக நினைத்து நாலு பேர் சேர்ந்து குதித்தார்கள். கயிற்றோரம் நின்ற மெத்தைக் கடைக்காரரின் மனைவி கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தாள். புள்ளி இப்போது மனிதனாகிவிட்டது. வளைவுக்கு முப்பதடி. இடது கையின் இரண்டு விரல்கள் லீவர் மேல் நீள்வது கொழுந்தனுக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

அப்போது பல் டாக்டர் கயிற்றைத் தாண்டிக் குதித்தார். வெள்ளைக் கோட்டோடு பாதையோரம் நின்று, இருபத்திரண்டு வருடமாகத் தினமும் சொன்ன அந்த ஒரே வாக்கியத்தைத் தொண்டை கிழியக் கத்தினார்.

"வலிச்சா இடது கையைத் தூக்குங்க!"

மெத்தைக் கடைக்காரரின் மூளை எதையும் யோசிக்கவில்லை. அந்தக் குரலுக்கு நாலு வருடம் பழகிய கை அது. வெள்ளைக் கோட்டைக் கண்டதும், வாயை 'ஆ' என்று திறந்தபடியே இடது கையை விறைப்பாக வானத்துக்குத் தூக்கினார். பயத்தில் வலது கை தானாக இறுகியது. அங்கே இருந்தது பின் பிரேக். பின் சக்கரம் மண்ணை வாரி இறைத்துச் சறுக்கியது. சைக்கிள் பக்கவாட்டில் ஒருக்களித்துச் சாய்ந்தது. அவர் உட்கார்ந்த வாக்கிலேயே போய் டயர் குவியலில் புதைந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக மெத்தென்று விழுந்திருந்தார்.

பின்னால் வந்த மச்சான் இரண்டு பிரேக்கையும் பிடித்து, சைக்கிளை வீசிவிட்டு ஓடி வந்தார். "மாமா! மாமா! என்னாச்சு மாமா?" என்று டயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தார். இரண்டு பேரும் பந்தயத்தை மறந்துபோன அந்த நேரத்தில், வருடா வருடம் கடைசியாக வரும் மருந்துக் கடைக்காரர் மணியடித்துக்கொண்டே நிதானமாகக் கடந்து போய்க் கோப்பையை வென்றார்.

மெத்தைக் கடைக்காரர் டயர்களுக்குள்ளிருந்து நாக்கால் முன்பற்களைத் தடவிப் பார்த்தார். இரண்டும் இருந்தன. மனைவி ஓடி வந்து அவர் முதுகில் நாலு அடி அடித்துவிட்டு, அதே முதுகில் சாய்ந்து அழுதாள்.

"தோத்துட்டேன்," என்றார் அவர். பிறகு மச்சானைப் பார்த்தார். பழி சொல்லக் காத்திருந்த வாய் வேறொன்றைக் கேட்டது. "நீ ஏன்டா நின்னே? ஓடியிருந்தா கப்பு உனக்குத்தானே?"

"கப்பு கிடக்கு மாமா. நீங்க இல்லாம நான் யாரை ஜெயிக்கிறது?"

மெத்தைக் கடைக்காரர் மச்சான் கையைப் பிடித்து டயர் மேல் ஏறி உட்கார்ந்தார். மெதுவாக அண்ணி பக்கம் திரும்பினார். "அப்ப யாரு மேடம் என் பிரேக்கை மாத்தினது?"

அண்ணி டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தன் செருப்பைப் பார்த்தார். புகார்ப் பிரிவில் பதினேழு வருடம் இருந்தவளுக்கு எதைச் சொல்லலாம், எதை மேசைக்குக் கீழே தள்ளிவிடலாம் என்று தெரியும். "கேஸ் இன்னும் விசாரணையில இருக்கு சார்," என்றாள்.

கொழுந்தனுக்குத்தான் பொறுக்கவில்லை. எப்படியும் யாருக்கும் புரியப்போவதில்லை, மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டால் நிம்மதி என்று நினைத்து, பஞ்சு வழியாகச் சாவகாசமாகச் சொன்னான்: "ஆஅஊ ஆ ஏத்ஊ ஒஓஆஉ. ஆஅஈ ஊஒஒஈஈஈ ஈஅ."

அவன் ஒன்றை மறந்துவிட்டான். அந்த பாஷை டாக்டருக்கு மட்டும் தெரிந்ததல்ல. நாலு வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே பாஷையில் கதை சொன்ன இன்னொருவர் எதிரிலேயே இருந்தார்.

"டாக்டரா?" என்றார் மெத்தைக் கடைக்காரர். "பூந்தொட்டிக்குக் கீழ இருந்து சாவியை எடுத்தா?"

டாக்டர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க. உங்களைக் காப்பாத்தறேன்னு நெனைச்சு, கொல்லவே பாத்துட்டேன். கையை மாத்திப் போட்டுட்டேன்," என்றார்.

மெத்தைக் கடைக்காரர் டயர் மேல் உட்கார்ந்தபடியே அவரை மேலும் கீழும் பார்த்தார். கண் கலங்கியது. அதை மறைக்க மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"இந்த ஐம்பத்தொரு வருஷத்துல என் வீட்டுக்குள்ள எனக்குத் தெரியாம வந்தவன் எல்லாம் எதையாவது எடுத்துட்டுத்தான் போயிருக்கான் டாக்டர்," என்றார். "சாவி அதே பூந்தொட்டிக்குக் கீழதான் இருக்கும். நாளைக்கு மத்தியானம் நாங்க கடையில இருப்போம். வந்து, கையை மாத்திப் போட்டுட்டுப் போங்க."